குதிரை போன வழி: பாதுகா ஸஹஸ்ரமும் பேக்டிராக்கிங்கும்

2022-இல் மாமல்லபுரம் பூஞ்சேரியில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது நினைவிருக்கும். வேட்டி சட்டையில் கைகூப்பி நின்ற குதிரை 'தம்பி'தான் அதன் சின்னம். குதிரையைப் பற்றி எல்லோரும் பேசிய அந்தச் சமயத்தில் ஒரு வாட்ஸப் ஃபார்வர்டும் சுற்றியது. "ஆய்லருக்கு 400 வருஷம் முன்னாடியே குதிரைக் கணக்கை வேதாந்த தேசிகர் ஒரே ராத்திரியில் தீர்த்துவிட்டார்" என்று. அதைப் பார்த்து நெஞ்சு நிமிர்த்தியவர்களும் உண்டு, "எல்லாத்தையும் நாமதான் கண்டுபிடிச்சோமாக்கும்" என்று சிரித்தவர்களும் உண்டு. இரண்டு பேருமே அந்தச் சுலோகங்களை ஒரு கட்டத்தாளில் எழுதிப் பார்க்கவில்லை என்பது என் சந்தேகம்.

எழுதிப் பார்த்தால் ஃபார்வர்ட் சொல்வதைவிடச் சுவாரசியமான விஷயம் கிடைக்கிறது. குதிரையின் வழியைக் கண்டுபிடித்தவர் தேசிகர் இல்லை. அவர் தீர்த்தது வேறொரு கணக்கு, அதைவிடக் கஷ்டமானது. அது என்ன என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் புரோகிராமிங் வரும். புரோகிராமிங் தெரியாதவர்களும் படிக்கலாம்.

முதலில் கணக்கு என்ன?

சதுரங்கப் பலகையில் குதிரை எப்படிப் போகும் என்பது தெரியும்: ஒரு பக்கம் இரண்டு கட்டம், அதற்குக் குறுக்கே ஒரு கட்டம். ஒரு கட்டத்தில் தொடங்கி, எந்தக் கட்டத்தையும் இரண்டாவது தடவை மிதிக்காமல், எல்லாக் கட்டங்களையும் சுற்றி வர வேண்டும். இதுதான் குதிரை உலா.

முழுப் பலகைக்கு 64 கட்டம். நாம் பார்க்கப்போவது பாதிப் பலகை: 4 வரிசை, வரிசைக்கு 8 கட்டம், ஆக 32. ஏன் பாதி? சமஸ்கிருத அனுஷ்டுப் சுலோகத்துக்கு 4 அடி, அடிக்கு 8 அட்சரம். ஒரு சுலோகம் எழுதினால் பாதிப் பலகை சரியாக நிரம்பிவிடும். யாப்பும் பலகையும் இப்படி ஒட்டிக்கொண்டதால்தான் கவிஞர்கள் இதற்குள் வந்தார்கள்.

ஒரு சாதாரண புரோகிராமர் இதை எப்படிச் செய்வார்?

32 கட்டங்களை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம் என்றால் 32 ஃபாக்டோரியல். அதாவது 2.6-க்குப் பின்னால் 35 சைபர் அளவில் வரும் எண். எல்லாவற்றையும் எழுதிப் பார்த்துச் சரியானதைப் பொறுக்குவது நடக்காத காரியம். அதனால் ஒவ்வொரு அடியாக வைத்துப் போகிறோம். முட்டுச்சந்து வந்தால் கடைசியாக வைத்த அடியை மட்டும் எடுத்துவிட்டு, அங்கிருந்து வேறு பக்கம் போகிறோம். இதுதான் பேக்டிராக்கிங். தமிழில் எழுதினால் மொத்த புரோகிராமும் இவ்வளவுதான்:

போ (கட்டம், எண்):
– கட்டத்தில் எண்ணை எழுது
– எண் 32 ஆகிவிட்டால் ஒரு விடை கிடைத்தது, குறித்துக்கொள்
– இல்லையென்றால் குதிரை தாவக்கூடிய ஒவ்வொரு காலிக் கட்டத்துக்கும்: போ (அந்தக் கட்டம், எண் + 1)
– கட்டத்தில் எழுதியதை அழி

கடைசி வரிதான் உயிர். அழித்துவிட்டுத் திரும்பத் தெரிந்தால்தான் தேட முடியும்.

'பேக்டிராக்' என்ற பெயரை 1950-களில் வைத்தவர் அமெரிக்கக் கணிதவியலாளர் டி. எச். லேமர். 1960-இல் வாக்கர், 1965-இல் கோலம்ப், பாமெர்ட் ஆகியோர் இதைப் பொதுவான முறையாக எழுதிவைத்தார்கள். 1971-இல் நிக்லாஸ் விர்த், ஒரு புரோகிராமை எப்படிப் படிப்படியாகக் கட்டுவது என்று விளக்க 8 ராணிக் கணக்கை எடுத்துக்கொண்டார். அதிலிருந்து பாடப்புத்தகங்களில் இது நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. எங்க கேளம்பாக்கத்துக்குப் பக்கத்தில் சிறுசேரி சிப்காட்டில் இருக்கிற சென்னைக் கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த், என்பிடெல்லில் நடத்தும் பைத்தான் பாடத்திலும் பேக்டிராக்கிங் 8 ராணிகளோடுதான் வருகிறது.

மேலே உள்ள புரோகிராமை 4×8 பலகைக்கு ஓட்டினால் 62,176 உலாக்கள் வரும். ஒரே வழியை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் எண்ணுவது வேண்டாம் என்றால் பாதி, 31,088. இந்த எண்ணிக்கையை 1877-இலேயே ஃப்ளை செயிண்ட்-மரி என்ற பிரெஞ்சுக்காரர் கையால் போட்டு 31,054 என்று சொன்னார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் 34-தான் குறைந்தது!

தேசிகரின் வழி

வேதாந்த தேசிகர் காஞ்சிபுரம் தூப்புலில் 1268-இல் பிறந்தவர். 2019 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் பிரியும்வரை கேளம்பாக்கமும் காஞ்சிபுரம் மாவட்டம்தான், அதனால் எங்க மாவட்டத்துக்காரர் என்று கொஞ்சம் உரிமை கொண்டாடிக்கொள்கிறேன். திருவரங்கத்தில் அரங்கநாதரின் பாதுகைமேல் அவர் பாடிய 1008 சுலோகங்கள்தான் பாதுகா ஸஹஸ்ரம். ஒரே இரவில் பாடியதாக வைணவ மரபு சொல்கிறது. அதில் 30-ஆவது பகுதி சித்ர பத்ததி, முழுக்கச் சித்திரகவி. அங்கே 929, 930 என்ற இரண்டு சுலோகங்கள் ஒரு ஜோடி.

929-ஐ 4 வரிசையாக, கட்டத்துக்கு ஓர் அட்சரமாக எழுதுங்கள். இடது மேல் மூலையில் குதிரையை வைத்து, கீழே உள்ள எண் வரிசைப்படி தாவிக்கொண்டே ஒவ்வொரு கட்டத்தின் அட்சரத்தையும் படியுங்கள். வருவது 930-ஆம் சுலோகம்!

1 – 30 – 9 – 20 – 3 – 24 – 11 – 26
16 – 19 – 2 – 29 – 10 – 27 – 4 – 23
31 – 8 – 17 – 14 – 21 – 6 – 25 – 12
18 – 15 – 32 – 7 – 28 – 13 – 22 – 5

பென்சிலால் 1-லிருந்து 32 வரை இழுத்துப் பாருங்கள். ஒரு தாவல்கூடப் பிசகவில்லை.

பலகையே போடும் விதி

இந்த வழியில் ஒரு விசேஷம் இருக்கிறது. மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் 'ஓரம்' என்போம். நடுவில் உள்ள இரண்டு வரிசைகள் 'நடு'. ஓரக் கட்டத்திலிருந்து குதிரை தாவினால் நடுவுக்குத்தான் வர முடியும். இன்னொரு ஓரக் கட்டத்துக்குப் போக வழியே இல்லை. ஓரம் 16, நடு 16. ஆக 32 அடியில் இரண்டு ஓரங்கள் அடுத்தடுத்து வரக் கூடாது.

அப்படியென்றால் ஓரம், நடு, ஓரம், நடு என்று கடைசிவரை மாறி மாறிப் போகலாமா? முடியாது. குதிரை ஒவ்வொரு தாவலிலும் கறுப்பு, வெள்ளை என்று நிறமும் மாறும். ஓரமும் நடுவும் கச்சிதமாக மாறி மாறி வந்தால், மிதித்த ஓரக் கட்டங்கள் எல்லாம் ஒரே நிறமாக இருக்க வேண்டும். ஆனால் ஓரத்தில் 8 கறுப்பு, 8 வெள்ளை. கணக்கு உதைக்கிறது.

மிச்சமிருப்பது ஒரே வழி. ஓரத்தில் தொடங்கி ஓரத்தில் முடிய வேண்டும். நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் நடுவிலிருந்து நடுவுக்குத் தாவ வேண்டும். அந்தத் தாவலுக்கு முன்னால் ஒரு நிறத்து ஓரங்கள் 8-உம், அதற்குப் பின்னால் மற்ற நிறத்து 8-உம் தீர வேண்டும். எனவே அந்தத் தாவல் 16-லிருந்து 17-க்குத்தான் வரும். 31,088 வழிகளுக்கும் இதே விதி.

மேலே உள்ள கட்டத்தைப் பாருங்கள்: 16 இரண்டாவது வரிசையில், 17 மூன்றாவது வரிசையில். 16 அட்சரம் என்றால் பாதிச் சுலோகம். அதாவது 930-ஆம் சுலோகத்தின் முன்பாதியும் பின்பாதியும் பலகையின் இரண்டு தனித்தனி வலைகளிலிருந்து எழுத்துகளை எடுக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பாலம். சுலோகம் மூச்சு விடும் இடத்தில் குதிரை பாலத்தைத் தாண்டுகிறது. இது கவிஞரின் விருப்பம் இல்லை, பலகையின் கட்டாயம்.

புரோகிராமருக்கும் இதில் பாடம் இருக்கிறது. நடு வரிசையில் ஒரு கட்டத்தைக் கொடுத்து 'இங்கிருந்து தொடங்கு' என்றால் என் புரோகிராம் எல்லாச் சந்துக்குள்ளும் புகுந்து, திரும்பி, கடைசியில் பூஜ்ஜியம் என்று சொல்லும். மேலே சொன்ன நான்கு வரி யோசனை அந்த உழைப்பு முழுவதையும் மிச்சப்படுத்திவிடுகிறது. பேக்டிராக்கிங்கில் வேகம் என்பது தேடுவதில் பாதி, எங்கே தேட வேண்டாம் என்று தெரிவதில் பாதி.

வழி காஷ்மீரத்திலிருந்து வந்தது

இப்போது ஃபார்வர்ட் விஷயத்துக்கு வருவோம். 9-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் ருத்ரடர் என்பவர் காவ்யாலங்காரம் என்ற அணி இலக்கணம் எழுதினார். அதற்கு நமிசாது என்ற சமண அறிஞர் 1069-இல் உரை எழுதியிருக்கிறார். அந்த நூலில் தேர், யானை, குதிரை மூன்றின் நடைக்கும் சித்திரகவி உதாரணம் இருக்கிறது. குதிரைக்கு உரியது துரகபதம்.

ருத்ரடரின் செய்யுளை அதே 4×8 பலகையில் எழுதி, தேசிகரின் எண் வரிசையை மேலே வைத்துப் பார்த்தேன். கட்டத்துக்குக் கட்டம் அதே வழி. 31,088 வழிகளில் இரண்டு பேர் தனித்தனியாகத் தேடி, ஒரே மூலையில் தொடங்கி, ஒரே வழியில் போய் நின்றார்கள் என்று நம்புவது கஷ்டம். அணி இலக்கண மரபு வழியாகப் பாதை தெற்கே வந்திருக்கிறது. தேசிகர் கையில் எடுத்தபோது அதற்கு வயது 400-க்கு மேல். அதே 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத் பக்கம் அல்-அத்லி என்ற சதுரங்க வல்லுநரும் குதிரை உலா எழுதியவர்.

ஆய்லர் 1759-இல் செய்தது வேறு. அவர் ஒரு வழியோடு நிற்கவில்லை; அரைகுறையாக நின்றுபோன உலாவின் ஒரு பகுதியைத் திருப்பிப் போட்டு, அதை முழு உலாவாக்கும் முறையைச் சொன்னார். ஒரு விடை வேறு, விடை காணும் முறை வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைத்து யார் முந்தி என்று சண்டை போடுவதில் பொருளில்லை.

சரி, வழி கடன் வாங்கியது என்றால் தேசிகருக்கு என்ன பெருமை? அதைப் பார்க்க, ருத்ரடர் என்ன செய்தார் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ருத்ரடருக்கு மிச்சமிருந்த 4 எழுத்து

ருத்ரடரின் செய்யுளை வரிசையாகப் படித்தாலும் குதிரை வழியில் படித்தாலும் ஒரே செய்யுள்தான் வரும். இந்த நிபந்தனை எழுத்துகளை எப்படிக் கட்டிப்போடுகிறது பாருங்கள். கட்டங்களுக்கு வரிசையாக 1 முதல் 32 வரை இலக்கம் கொடுங்கள். குதிரையின் 2-ஆவது அடி விழுவது 11-ஆவது கட்டத்தில். இரண்டு வாசிப்பும் ஒன்றாக இருக்க வேண்டுமானால் 2-ஆவது கட்டத்திலும் 11-ஆவது கட்டத்திலும் ஒரே எழுத்து. குதிரையின் 11-ஆவது அடி 7-ஆவது கட்டத்தில். அங்கும் அதே எழுத்து. இப்படியே போனால்:

2, 11, 7, 28, 29, 12, 24, 6, 22, 31, 17, 19, 10, 13, 30, மறுபடி 2.

15 கட்டங்கள் ஒரே சங்கிலி. 3-லிருந்து தொடங்கினால் இன்னொரு சங்கிலி, அதுவும் 15. மிச்சம் 1-ஆவது கட்டமும் 21-ஆவது கட்டமும் தனித்தனியாக நிற்கும். ஆகவே இந்த வழியில் இப்படி ஒரு செய்யுள் எழுத வேண்டுமானால் மொத்தம் 4 வெவ்வேறு எழுத்துக்குமேல் இடமே இல்லை. ருத்ரடர் செய்யுளில் இருப்பதும் சரியாக 4: சே, லே, நா, லீ. ஏதோ விளையாட்டுக்காக நாலு எழுத்தை வைத்து ஜல்லியடித்தார் என்று தோன்றும். உண்மையில் கணக்கு அவருக்குக் கொடுத்ததே அவ்வளவுதான், கொடுத்த முழுவதையும் பயன்படுத்தியிருக்கிறார்.

ஒப்பிட்டுப் பார்க்க நம்ம பக்கத்து உதாரணம் மாலைமாற்று. ஞானசம்பந்தர் பாடியது பலருக்கும் தெரியும். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்று. அங்கே சங்கிலிகள் இரண்டிரண்டாக இருக்கும்: முதலும் கடைசியும் ஒரு ஜோடி, இரண்டாவதும் கடைசிக்கு முந்தியதும் ஒரு ஜோடி. 32 எழுத்தென்றால் 16 எழுத்து நம் விருப்பம். குதிரை விடுவது 4.

தேசிகர் தீர்த்த கணக்கு

தேசிகர் சங்கிலியை அறுத்தார். இரண்டு வாசிப்பும் ஒன்றாக இருக்க வேண்டாம், இரண்டு வெவ்வேறு சுலோகமாக இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டார். உடனே 32 எழுத்தும் சுதந்திரம். ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கு விலை உண்டு: இரண்டு சுலோகங்களுக்கும் பொருள் வேண்டும், இரண்டும் பாதுகையைப் பற்றி இருக்க வேண்டும், இரண்டும் யாப்பில் நிற்க வேண்டும்.

இந்த யாப்பில்தான் ஒரு முடிச்சு இருக்கிறது. அனுஷ்டுப்பின் 2-ஆம், 4-ஆம் அடிகளில் விதி கறாரானது: 5-ஆவது அட்சரம் லகு, 6-ஆவது குரு, 7-ஆவது லகு. லகு என்றால் குறில். நெடிலோ, பின்னால் ஒற்று வந்த குறிலோ குரு. ருத்ரடருக்கு இந்தத் தொல்லை கிடையாது, அவர் எழுத்து நான்குமே நெடில்.

929-இல் இந்த விதிக்கு உட்பட்ட கட்டங்கள் 6. 930-இல் 6. குதிரை எண்ணில் சொன்னால் முதல் பட்டியல் 4, 10, 13, 22, 27, 28. இரண்டாவது 13, 14, 15, 29, 30, 31. இரண்டு பட்டியலிலும் இருக்கும் எண் ஒன்றே ஒன்று: 13. அது கீழ் வரிசையில் 6-ஆவது கட்டம். வரிசையாகப் படிக்கும்போது அது 4-ஆம் அடியின் 6-ஆவது அட்சரம், எனவே குருவாக இருக்க வேண்டும். குதிரை வழியில் அதுவே 2-ஆம் அடியின் 5-ஆவது அட்சரம், எனவே லகுவாக இருக்க வேண்டும். ஒரே எழுத்து, இரண்டு எதிரெதிர் நிபந்தனை. என் புரோகிராமாக இருந்தால் இந்த இடத்தில் 'விடை இல்லை' என்று கைவிரித்துவிடும்.

தேசிகர் அந்தக் கட்டத்தில் வைத்திருப்பது 'தம்'. 929-இல் அரங்கராஜனின் 'பதம்' என்ற சொல்லின் கடைசி அட்சரம் அது. மகர ஒற்றோடு சேர்ந்து குரு. 930-இல் குதிரை அங்கே வரும்போது ஒற்று உதிர்ந்து வெறும் 'த', லகு. சித்திரகவியில் அனுஸ்வாரம் கூடினாலும் குறைந்தாலும் குற்றமில்லை என்பது அணி இலக்கணம் தரும் சலுகை. இன்னும் ஓரிரு இடங்களில் ஒற்று விஷயத்தில் அவர் தளர்த்திக்கொள்கிறார். ஆனால் தவிர்க்கவே முடியாமல் சலுகை தேவைப்படும் கட்டம் இந்தப் பலகையில் இதுதான், அதில் கச்சிதமாகச் சலுகை உட்கார்ந்திருக்கிறது.

குதிரை உலாவில் 1823-இல் வார்ன்ஸ்டார்ஃப் என்ற ஜெர்மானியர் ஒரு யோசனை சொன்னார்: அடுத்து எந்தக் கட்டத்திலிருந்து வெளியேறும் வழி மிகக் குறைவோ, அங்கே முதலில் போ. இறுக்கமான இடத்தைக் கடைசிக்குத் தள்ளினால் மாட்டிக்கொள்வோம் என்பது அதன் சாரம். இன்று டைம்டேபிள் போடும் மென்பொருள், சுடோகு தீர்க்கும் மென்பொருள் எல்லாம் இதே புத்தியைப் பயன்படுத்துகின்றன. 13-ஆவது கட்டத்தை நிரப்பிய விதத்தைப் பார்த்தால், பாட்டு கட்டியவர் இறுக்கமான இடம் எது என்று தெரிந்தே அங்கே கைவைத்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. 'பதம்' போன்ற சொல் அந்த இடத்தில் தானாக வந்து விழாது.

ஆகவே அடுத்த தடவை அந்த ஃபார்வர்ட் வந்தால் நான் அனுப்பப்போகும் பதில் இதுதான்: குதிரைக்கு வழி போட்டது தேசிகர் இல்லை, ருத்ரடர் காலத்திலேயே வழி இருந்தது. தேசிகர் செய்தது, அந்த வழியில் 32 கட்டங்களிலும் இரண்டு பாட்டுக்குப் பொதுவான எழுத்துகளை நிறுத்தியது. பலகையில் 31,088 விடை உள்ள கணக்கைவிட, சொற்களில் ஒரு விடையாவது உண்டா என்று தொடங்கும்போது தெரியாத கணக்கு பெரியது. அதுவும் அழிக்கிற வரி இல்லாமல். பனையோலையில் எழுத்தாணி கீறியது கீறியதுதான், பின்வாங்குவதெல்லாம் மனசுக்குள்ளேயே நடக்க வேண்டும்.

தமிழில் முயல ஆசை இருப்பவர்களுக்கு: மேலே உள்ள எண் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கு 8 எழுத்து, 4 அடி, ஒற்றெழுத்தை எண்ணாமல் விட்டுவிடலாம். முதலில் 1, 2, 3 என்று போகாதீர்கள். 16-ஐயும் 17-ஐயும் நிரப்பிவிட்டுத் தொடங்குங்கள். பாதிப் பாட்டு முடிகிற சொல்லும் அடுத்த பாதி தொடங்குகிற சொல்லும் அங்கேதான் இருக்கின்றன.